போண்டாவுக்கு வாரம் எத்தனை வேளை

எருமப்பட்டிக்குத் தெற்கே அறுபதாயிரம் கோழிகள் நிற்கும் பண்ணையில் சௌந்திரம் இருபத்தேழு வருடமாகத் தீவனம் போடுகிறாள். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் என்றால் நூற்றுப் பத்துதான். நூற்று எட்டும் கிடையாது, நூற்றுப் பன்னிரண்டும் கிடையாது. மத்தியானம் தீவனத்தின் மேல் கிளிஞ்சல் தூவுவதை மட்டும் அவள் யாரிடமும் விட்டதில்லை. கிளிஞ்சல் குறைந்தால் ஓடு கெட்டிப்படாது, சவ்வு மட்டும் போர்த்திய தோல்முட்டையாக விழும். அவள் கொட்டகையில் தோல்முட்டை விழுந்ததை முதலாளி கண்ணால் பார்த்ததில்லை.

அம்மா சாகும்போது அவளுக்கு வயது பதினான்கு, தம்பி ஈஸ்வருக்கு நாலு. அவனுக்குச் சோறு ஊட்டி, வெள்ளிக்கிழமை தோறும் ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தி, போன வாரத்தைவிடக் கால் கிலோவாவது கூடியிருக்கிறதா என்று பார்த்தே வளர்த்தாள். "என்ற கையில ஒரு உசுரும் இளைச்சதில்ல" என்று அவள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் ஆமாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆமாம் சொல்லாத ஒரே ஆள் தம்பி பொண்டாட்டி மோகனப்பிரியா. பரமத்தி வேலூர்க்காரி, நூல் மில் ஆபீசில் வேலை. நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்வருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், அவன் தட்டில் சோற்றை ஒரு கிண்ணமாகக் குறைத்தாள். அன்றோடு சௌந்திரம் தம்பி வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தம்பி வீட்டுக் கொல்லைப்புறமான பொடக்காலியின் கதவுக்கு இருந்த இன்னொரு சாவி மட்டும் பழைய வழக்கப்படி சௌந்திரத்தின் இடுப்பில் தொங்கியது.

ஈஸ்வருக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போட சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்ப ஆறு மாதம் ஆகும். போன தடவை வந்தபோது சேலத்தில் ஒரு கடையிலிருந்து வெளிநாட்டுத் தவளை ஒன்றை வாங்கி வந்தான். உள்ளங்கை அகலம், பச்சையும் பழுப்புமாக உடம்பு, உடம்பு முழுக்க வாய். போண்டா என்று பெயர் வைத்தான். கண்ணாடித் தொட்டியில் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி அதில் விட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் பத்திரம் என்று சொல்லி வண்டி ஏறினான். தினமும் சாயங்காலம் போன் செய்தால் முதலில் கேட்பது போண்டாவைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகனப்பிரியா தீனி போடுவதை சௌந்திரம் வாசலில் நின்று பார்த்தாள். நாலு மண்புழு. நாலையும் முழுங்கிவிட்டுத் தவளை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இனி எப்போ?"

"புதன்கிழமைங்க நங்கையா. வாரத்துக்கு ரெண்டே தடவைதான். கடைக்காரரு சொன்னதுங்க."

"ஆனைப் பசிக்குச் சோளப்பொரியாட்டம் நாலு புழு. அதுவும் வாரத்துக்கு ரெண்டு தடவை. கடைக்காரன் விக்கறவன் அம்மிணி, வளக்கறவனா?"

"வளக்கறது நாந்தானுங்க."

"வளக்கற லட்சணந்தான் தெரியுதே. உங்க ஊர்ல வெத்தலைக் கொடிக்குக்கூட இதைவிட எச்சாத் தண்ணி உடுவாங்க."

"வெத்தலைக் கொடி தவளை இல்லீங்க."

சௌந்திரம் கண்ணாடிக்கு வெளியே விரலை ஆட்டினாள். தவளை பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டியது. "பாத்தியா, பசி!"

"வெளக்கமாத்துக் குச்சிய ஆட்டுனாலும் அப்படித்தான் பாயுமுங்க. அது பசியில்ல, அதுக்கு அவ்வளவுதான் புத்தி. சில பேருக்கும் அப்படித்தான், அசையறதெல்லாம் அவங்க தீனின்னு நெனச்சுக்குவாங்க."

சௌந்திரம் விருட்டென்று தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் தம்பியைப் பட்டினி போட்டாள், இப்போது அவன் ஆசையாக வாங்கி வந்த வாயில்லா ஜீவனையும் போடுகிறாள் என்று வயிறு எரிந்தது. வாயில்லா ஜீவன் என்று அதைச் சொல்ல முடியாதுதான், வாயைத் தவிர அதனிடம் ஒன்றுமில்லை. ஆனால் கோபத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் முதல் மத்தியானத் தீவனம் முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்கு வந்தாள். மோகனப்பிரியா மில்லிலிருந்து வர ஆறு மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் சந்தைக்குப் போகும் நேரம் போதும். சௌந்திரம் வாழையடியில் கிளறி ஆறு மண்புழு எடுத்துக்கொண்டு பொடக்காலிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஆறையும் தவளை வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புழுவின் மேல் தூவச் சொல்லிக் கடைக்காரன் கொடுத்த பொடிச் சிமிழ் ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கால்சியம் பொடி, எலும்புக்கு நல்லது என்று ஈஸ்வர் சொல்லியிருந்தான். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. கால்சியம் என்றால் கிளிஞ்சல். பண்ணையில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பொடியைத் தொட்டால் அளவு குறைந்தது மோகனப்பிரியாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே தினம் ஒரு கிராம் கிளிஞ்சல் குருணையை எடைபோட்டுக் கொண்டுவந்து புழுவோடு சேர்த்துக் கொடுத்தாள். முதல் நாள் தவளையின் எடை இருநூற்று நாற்பது கிராம். பத்தாம் நாள் இருநூற்று எழுபத்தெட்டு. அவளுக்கு அப்படி ஒரு பெருமை. தம்பி வந்து பார்த்ததும், "யாரு அக்கா போட்டது?" என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

பதினேழாம் நாள் புதன்கிழமை. மோகனப்பிரியா போட்ட நாலு புழுவும் தொட்டியில் நெளிந்துகொண்டிருந்தன. தவளை கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வயிறு உருண்டை பிடித்த மாதிரி கெட்டியாக இருந்தது. வியாழக்கிழமை விடிந்தும் அது அசையவில்லை.

"எதையாச்சும் வெச்சீங்களா நங்கையா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மோகனப்பிரியாவின் குரல் கத்தியாக வந்தது.

"நான் ஏன் வெக்கறேன்? நீ போட்ட பட்டினி தாங்காமச் சாவுது."

மோகனப்பிரியா ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டுத் தவளையை வைத்து வண்டியை எடுத்தபோது, சௌந்திரம் கேட்காமலே பின்னால் ஏறி டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். நாமக்கல்லில் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டி நின்றது.

டாக்டர் அன்பழகன் பண்ணைக்கு மாதாமாதம் வருகிறவர். சௌந்திரத்தைப் பார்த்ததும், "தீவனம்னா எங்க சௌந்திரம்மாதான். இவங்க கையில சீக்கு வராது" என்று அங்கே காத்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் அவள் அதைக் கேட்டு ஒரு வாரம் உயிர் வாழ்வாள்.

அவர் தவளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "தவளை எனக்குப் புதுசு. என்ன குடுத்தீங்க?"

"வாரம் ரெண்டு தடவை, நாலு மண்புழுங்க" என்றாள் மோகனப்பிரியா.

"அப்போ இப்படி ஆகக் கூடாதே. கல்லு, மண்ணு முழுங்குச்சா?"

"தொட்டியில கல்லே இல்லீங்க."

"பெட்டையா இருந்தா முட்டை தங்கியிருக்கும். தள்ளறதுக்கு ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம்." அவர் மருந்தை எடுக்கத் திரும்பினார்.

அடைப்பு இருக்கும் கோழிக்குத் தள்ளுகிற ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். குடல் கிழியும். பேசாமல் நின்றால் தவளை முட்டை கட்டிச் செத்தது என்று போய்விடும். பழி பாதி மோகனப்பிரியாமேல், பாதி விதிமேல்.

"ஊசி வேண்டாமுங்க டாக்டரு. உள்ள இருக்கறது முட்டை இல்லீங்க, கிளிஞ்சலு."

டாக்டர் மருந்தை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"பதினேழு நாளுங்க. தினம் ஆறு மண்புழு, ஒரு கிராம் கிளிஞ்சக் குருணை. மொத்தம் பதினேழு கிராம்."

"ஒரு கிராம்னு எப்படித் தெரியும்?"

"அளக்காமப் போடுவனுங்களா?"

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டு விசாரித்தார். அப்புறம் சௌந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கோழிக்கு அரைவைப்பை இருக்கு, அரைச்சுக்கும். தினம் முட்டை போடுது, கிளிஞ்சல் செலவாகும். இது ஒரு நாள் தின்னதைச் செரிக்கவே மூணு நாலு நாள் உக்காந்திருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் போடாதீங்க. தினம் வெதுவெதுப்பான தண்ணியில கால் மணி நேரம் உக்கார வைங்க. இந்த எண்ணெய் ஒரு சொட்டு. வெளிய வந்தா பொழைக்கும்."

வெளியே வந்ததும் மோகனப்பிரியா வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அவருக்குச் சுகரு எங்கிருந்து வந்துச்சுன்னு இத்தனை நாளாத் தெரியாம இருந்துச்சுங்க. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

சௌந்திரம் வண்டியில் ஏறவில்லை. பஸ் பிடித்து வந்தாள்.

அன்று சாயங்காலம் மோகனப்பிரியா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவர்மேல் வைத்தாள். தம்பி கத்துவான் என்று சௌந்திரம் எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

"அக்கா, பொடக்காலிச் சாவியப் பிரியாகிட்டக் குடுத்துரு."

"அவ்வளவுதானா சாமி?"

"அவ்வளவுதான்."

சாவியைச் சுவர்மேல் வைத்தாள். மோகனப்பிரியா அதை இரண்டு விரலால் எடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் மோகனப்பிரியா தவளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைப் பொடக்காலியில் டீ வடிகட்டியில் வடித்துக்கொண்டிருந்தாள். சௌந்திரம் சுவரோரம் வந்து நின்றாள்.

"வந்துச்சா?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"எத்தனை கிராம்னு பாரு. அப்பத்தான் உள்ள எத்தனை நிக்குதுன்னு தெரியும்."

மோகனப்பிரியா முறைத்தாள். ஆனால் உள்ளே போய்ச் சமையலறைத் தராசை எடுத்து வந்தாள். "நாலு."

"காய வெச்சு நிறுக்கோணும். ஈரத்தோட நிறுத்தா எச்சாக் காட்டும்."

"எல்லாந் தெரிஞ்ச ஆளுதான் தவளைக்குக் கல்லுப் போட்டீங்களாக்கும்?"

காய வைத்து நிறுத்தால் மூன்றுதான். அதற்கப்புறம் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அதுவரை வெளியே வந்த மொத்த கிராம், ஒரு எண்ணாக மட்டும் வரும். வேறு பேச்சில்லை, முகம் பார்ப்பதில்லை. ஆறு. ஒன்பது. ஒரு நாள் ஒன்றுமே வரவில்லை, அன்று பண்ணையில் சௌந்திரம் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். பன்னிரண்டாம் நாள் பதினாறு. மீதி கரைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டு மோகனப்பிரியா போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழிந்த மறுநாள் தவளை கண்ணைத் திறந்து விரலைப் பார்த்துப் பாய்ந்ததாம். இதை மோகனப்பிரியா ஈஸ்வரிடம் போனில் சொல்வதைக் கேட்டுத்தான் சௌந்திரம் தெரிந்துகொண்டாள். பொறுக்க முடியாமல் சுவரோரம் போனாள்.

"எத்தனை போட்டே?"

"ரெண்டுங்க."

"நாலுதானே கணக்கு?"

"பதினஞ்சு நாள் வெறும் வயித்துல கெடந்துச்சு, ரெண்டு போதும். இனிப் போடறதும் நாந்தான், எண்றதும் நாந்தான்."

"அடுத்தது எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

அன்று வியாழக்கிழமை. நடுவில் இரண்டு நாள் முழுசாக இருக்கிறது. இன்னும் ரெண்டு போடேன் என்று சௌந்திரத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி, காலையில் பண்ணைக்கு எடுத்துப் போக வேண்டிய சோற்றைத் தூக்குப்போசியில் அடைக்க ஆரம்பித்தாள்.