கர்னல் ராவுலா கையெழுத்துப் போடாத சட்டம்

கர்னல் கிட்டியோனே ராவுலாவை எங்கள் தீவுகளின் அதிபராக்கியபோது யாரும் எதிர்க்கவில்லை. அவருக்குப் பதவி கிடைத்ததற்கே அதுதான் காரணம். ஆளுங்கட்சியில் இரண்டு பெரிய வீட்டுப் பிரபுக்கள் அந்த நாற்காலிக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கட்சியை உடைத்துவிடுவார். எந்தப் பக்கமும் சேராத, மரியாதையான, பார்க்க எடுப்பான ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாசோலோ கிராமத்து மீனவரின் மகன், முப்பத்தைந்து வருஷம் ராணுவத்தில் இருந்தவர், ஓய்வுபெற்று மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டார்.

நான் அதிபர் மாளிகையில் வேலை பார்த்தவன். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அதிபரின் உடுப்பு, சாப்பாடு, பயணப்பெட்டி எல்லாம் என் பொறுப்பு. அவர் என்னை வீரா என்று கூப்பிடுவார். முதல் நாள் காலையில் அவருடைய சட்டையை இஸ்திரி போடப் போனேன். அவரே போட்டு முடித்து, இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கோச்சுக்காத வீரா. இதை விட்டா நான் காலையில என்ன பண்றது?" என்றார்.

அவர் மனைவி மேரேவாய் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். "ஏன், ரிப்பன் வெட்டப் பழகு. இனிமே நீ கர்னல் இல்ல, கவர்மென்ட்டு கத்திரிக்கோல்."

அவரும் சிரித்தார். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவர் ராணுவத்தில் சேர்ந்தது பெரிய ஆசையால் ஒன்றுமில்லை. எங்கள் தீவுகளில் சர்க்கரைக்கும் கொப்பரைக்கும் அடுத்தபடியாக வெளியே போவது சிப்பாய்கள்தான். உலகத்தில் எங்கே இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டாலும், நடுவில் ஐ.நா. சபையின் நீலத் தொப்பி போட்டு நிற்க எங்கள் பையன்கள் போவார்கள். ராவுலா லெபனானில் மூன்று முறை இருந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, காரில் போகும்போது சொன்னார். அவருடைய காவல் சாவடிக்குப் பக்கத்தில் புகையிலை போடும் கிழவர் ஒருவர் இருந்தாராம். தினமும் சிப்பாய்களுக்கு ரொட்டி கொண்டுவருவாராம். ஒருநாள் ஆயுதக்காரர்கள் வந்து கிழவரின் வீட்டுக்கு வெடி வைத்தார்கள். ராவுலா வயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கேட்டார். பார்த்து அறிக்கை அனுப்பு, வேறு ஒன்றும் செய்யாதே என்று பதில் வந்தது. பார்த்தார், அனுப்பினார்.

"அந்த அறிக்கையை ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டினாங்க, வீரா" என்றார். 

மாளிகைக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ராணுவத்தில்தான் மேலே ஒருவன் இருந்தான், இங்கே எனக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தார். பள்ளிக்கூடத் திறப்பு விழாக்களுக்குப் போனால் கக்கூஸ் வரை நடந்துபோய்ப் பார்ப்பார். தண்ணீர் வரவில்லை என்றால் அமைச்சருக்குச் சொல்லி அனுப்புவார். அமைச்சர்கள் மிகுந்த பணிவுடன் நன்றி சொல்லிப் பதில் அனுப்புவார்கள். தண்ணீர் மட்டும் வராது.

இரண்டாவது வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். நாசோலோவிலிருந்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். பாய், சேனைக்கிழங்குக் கட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் எல்லாம் சுமந்து, மாளிகைப் புல்வெளியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னால் பெனியாசி. ஊர்ச் சார்பில் பேசுகிற பரம்பரைக்காரன். ராவுலாவுக்கு அத்தை மகன். எங்கள் தீவுகளில் மாமன் அத்தை பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் பேசினால் அது சண்டைக்கு அடையாளம். இந்த இருவரும் அதில் சூரர்கள்.

ராவுலா படியிறங்கி வந்ததும் பெனியாசி தொடங்கிவிட்டான். "டேய் மச்சான், என்னடா இது, கட்டியிருக்கிற சுலு வேட்டியில தங்கப் பித்தானா? சின்ன வயசுல நண்டு பிடிக்கப் போய் அவுத்துப் போட்டுட்டு ஓடினவன்தானே நீ?"

"நண்டு உன்னைக் கடிச்சது. நான் உனக்காக ஓடினேன்" என்றார் அதிபர். "பல்லு எங்கடா? போன தடவை நாலு இருந்துச்சே."

"உன் தங்கச்சி சமையல்ல போச்சு."

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காவலுக்கு நின்ற சிப்பாயும் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டான்.

பிறகு பெனியாசி மடித்த துணியிலிருந்து திமிங்கிலப் பல்லை எடுத்தான். பழைய பல். கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறமாகியிருந்தது. இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தது. அதை இரு கையாலும் ஏந்தியதும் அவன் குரலே மாறிவிட்டது. நாசோலோ ஆற்று முகத்துவாரத்தில் கரும்மணல் தோண்ட வெளிநாட்டுக் கம்பெனி வரப்போகிறது, அதற்கென்று சட்டம் வரப்போகிறது, மணல் போனால் கரை போகும், மீன் போகும், எங்கள் முன்னோர் எலும்பு கிடக்கிற மண்ணும் போகும், அந்தச் சட்டத்தை எங்கள் வீட்டுப் பிள்ளை தடுத்துத் தரவேண்டும் என்றான்.

அந்தப் பல்லை வாங்கினால் கேட்டதைச் செய்தாகவேண்டும். முடியாது என்றால் வாங்கக்கூடாது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். மாளிகையின் சடங்கு அதிகாரி அகனிசி என்ற பெண்மணி அவர் காதருகே குனிந்தாள்.

"வேண்டாம் சார். கேட்டுக்கிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. கையை நீட்டாதீங்க."

ராவுலா சற்று நேரம் பெனியாசியின் கைகளையே பார்த்தார். பிறகு முன்னால் நகர்ந்து பல்லை வாங்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். பின் வரிசையில் ஒரு பெண் அழுதாள்.

மாலையில் மேரேவாய் கேட்டாள். "எதுக்கு வாங்கின?"

"அவன் கை நடுங்குச்சு, மேரே."

"பெனியாசிக்குக் கல்யாணத்தன்னிக்கே கை நடுங்குச்சு. உன்னால என்ன பண்ண முடியும்னு வாங்கின?"

அவர் பல்லைத் துணியில் மடித்து அலமாரியில் வைத்தார்.

அந்த வாரம் பிரதமர் வழக்கமான சந்திப்புக்கு வந்தார். நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். ராவுலா சுற்றி வளைக்காமல் மணல் விஷயத்தைச் சொன்னார். பிரதமர் கெட்டவரைப் போலவே இல்லை. அக்கறையாகக் கேட்டார், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார்.

"கர்னல், நீங்க இந்த நாட்டுக்கே அப்பா மாதிரி" என்றார். "அப்பா தலைமாட்டுல உட்காரணும், ஆசீர்வாதம் பண்ணணும். அடுப்படிக்குள்ள வந்து உப்பு போதலைன்னு சொல்லக்கூடாது."

"அடுப்படியில தீப்பிடிச்சா?"

"அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்று பிரதமர் எழுந்து, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சட்டம் நாடாளுமன்றத்தில் ஒரே பிற்பகலில் நிறைவேறியது. மறுநாள் அரசு வழக்கறிஞர் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். ராவுலா மூக்குக்கண்ணாடி போட்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"நான் போடமாட்டேன்."

வழக்கறிஞர் இளைஞர், நல்ல பிள்ளை. அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "சார், அரசியல் சட்டத்துல... நீங்க ஒரு வாரத்துக்குள்ள போடலைன்னா, போட்ட மாதிரியேதான் கணக்கு. தானாவே சட்டமாயிடும்."

"தெரியும் தம்பி. அந்தப் பாடத்தைப் படிச்சிட்டுத்தான் இந்த நாற்காலியில உட்கார்ந்தேன். இருந்தாலும் நான் போடலைன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. காலையில் சீழ்க்கையடித்துக்கொண்டே சவரம் செய்தார். தான் ஏன் கையெழுத்திடவில்லை என்று நாலு வரி எழுதி, பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். மாளிகைச் செய்தி எல்லாம் பிரதமர் அலுவலகம் வழியாகத்தான் போகும் என்பதை அவர் யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை. அது போன இடத்திலேயே நின்றுவிட்டது. வாரம் முடிந்தது. அரசிதழ் வந்தது. வழக்கமான எழுத்தில், வழக்கமான வாசகம்: 'மேன்மை தங்கிய அதிபரின் ஒப்புதலுடன்.' பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப்போட்டன. ஒரு பத்திரிகை அவருடைய சிரித்த படத்தையும் சேர்த்துப் போட்டது.

அவர் பெனியாசிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "பெனி, நான் போடலடா. என் கையெழுத்து அதுல இல்ல. வேணும்னா வந்து பாரு."

 மறுமுனையில் பெனியாசியின் குரல் எனக்கே கேட்டது. "போட்டா என்ன, போடாட்டி என்ன மச்சான்? நேத்து கப்பல் வந்துருச்சு."

மேரேவாய் விடவில்லை. "வெளிய வந்துரு. வாசல்ல நின்னு, நான் இந்தப் பொம்மை வேலைய விட்டுட்டேன்னு கத்து. அப்பவாவது யாராவது திரும்பிப் பார்ப்பாங்க."

"பாதியில விட்டுட்டுப் போறவனுக்கு ராணுவத்துல ஒரு பேரு இருக்கு, மேரே."

"இது ராணுவமா? உனக்கு யாருய்யா உத்தரவு போடுறான்? சொல்லு, யாரு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் முடியவில்லை. இதை அவருக்காக நான் பூசி மெழுக மாட்டேன். வாழ்நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்கப் பழகிய மனிதர். அந்தப் பழக்கத்துக்குக் கடமை என்று பேர் வைத்திருந்தார். அன்றைக்கு வெளியே வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்றால், எனக்கென்னவோ மாறியிருக்காது என்றுதான் படுகிறது. ஆனால் மேரேவாய் அதன்பிறகு அவரைக் கத்திரிக்கோல் என்று கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

கப்பல் முகத்துவாரத்தில் இரவும் பகலும் மணலை உறிஞ்சியது. முதலில் நண்டு போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. பெரிய புயல்கூட இல்லை. இதைவிடப் பெரியதையெல்லாம் நாசோலோ பார்த்திருக்கிறது. ஆனால் அலையைத் தடுக்க முன்னால் மணல் திட்டு இல்லை. கடல் நேராக உள்ளே வந்து கல்லறைத் தோட்டத்தையும் கோயில் மேடையையும் பாதி ஊரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. உயிர்ச்சேதம் இரண்டு. ஒன்று பெனியாசியின் மருமகள்.

அரசாங்கம் உள்நாட்டில், கடல் கண்ணுக்கே தெரியாத மலைச்சரிவில் தகர வீடுகள் கட்டிக் கொடுத்தது. திறந்துவைக்க அதிபர் வரவேண்டும் என்று முடிவானது. ராவுலா உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். "சொந்த ஊர்க்காரர் வந்தால்தான் சார் மக்களுக்கு ஆறுதல்" என்று பிரதமர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

போனோம். செம்மண் சேறு. பெயின்ட் வாசனை மாறாத வீடுகள், ஒன்றுபோலவே இன்னொன்று. மீன்பிடி வலைகளைக் கோழிக்கு வேலியாகக் கட்டியிருந்தார்கள். ரிப்பனும் வெள்ளித்தட்டும் காத்திருந்தன. பெனியாசி வரவேற்க நின்றான். ராவுலா வண்டியிலிருந்து இறங்கி, நேராக அவனிடம் போனார்.

"என்னடா, இன்னும் குளிக்கவே இல்லையா நீ?"

எனக்கு நினைவிருக்கிறது, அவர் குரல் கெஞ்சுவதைப் போல இருந்தது. பழைய பெனியாசியாக இருந்தால் இதற்கு அதிபர் அவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். பெனியாசி தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையைக் குவித்து, முறைப்படி தட்டினான்.

"மேன்மை தங்கிய அதிபர் அவர்கள் ஆசனத்தில் அமர வேண்டும்."

"டேய், நான்தான்டா, கிட்டியோனே."

"அதிபர் அவர்களுக்கு எங்கள் ஊர் கடமைப்பட்டிருக்கிறது."

அவ்வளவுதான். யாரும் அவரைத் திட்டவில்லை. முதல் யங்கோனாக் கிண்ணத்தை அவருக்குத்தான் கொடுத்தார்கள். கிழங்கு, கோழி, தேங்காய்ப்பாலில் கீரை எல்லாம் அவர் முன்னால் வைத்தார்கள். ஊர் முழுவதும் அவரை ஒரு வெளியூர் பிரபுவைப் போல நடத்தி, மரியாதையாக வழியனுப்பியது. அவர் ரிப்பன் வெட்டினார். கேமராக்காரர் கேட்டதால் இன்னொரு தடவை வெட்டினார். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரம் வாந்தியெடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். "சாப்பாடு ஒத்துக்கல" என்றார். அவர் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை.

பதவிக்காலம் முடியும் முன்பே மேரேவாய் சிறுநீரகக் கோளாறில் இறந்தாள். தன்னை நாசோலோவில், தன் மாமியார் பக்கத்தில் புதைக்கவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தவள். மாமியார் கிடந்த இடத்தில் இப்போது படகு ஓட்டலாம். அரசு மரியாதையோடு தலைநகரில் அடக்கம் செய்தார்கள். பிரதமர் கண் கலங்கினார். நடிப்பென்று நான் சொல்லமாட்டேன். மலைச்சரிவு ஊரிலிருந்து துக்கத்துக்கு முறைப்படி பாய்கள் வந்தன. கொண்டுவந்தவர்கள் முறைப்படி பேசிவிட்டுப் போனார்கள். பெனியாசி வரவில்லை. அவன் அந்தக் கம்பெனியின் வாசலில் காவலாளியாகச் சேர்ந்திருந்தான். லீவு கிடைக்கவில்லை என்றார்கள்.

ராவுலாவைப் பதவி முடிந்ததும் நியூசிலாந்தில் இருக்கும் மகள் வந்து கூட்டிப்போனாள். இங்கே அவருக்குத் தங்க அரசாங்கம் வீடு தருவதாகச் சொன்னது. அவர் வேண்டாம் என்றார். விமான நிலையத்தில் ராணுவ அணிவகுப்பு நடந்தது. அவர் வரிசையைக் கடந்து போனபோது ஒரு சிப்பாயின் பெல்ட்டைச் சரிசெய்தார்.

மகள் நல்லவள். ஹீட்டர் போட்டுத்தான் வைத்திருக்கிறாள். ஆனாலும் அப்பாவுக்குக் குளிர் நிற்கவில்லை, கம்பளியோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் வேகவேகமாகப் பேசும் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை என்பாள். எப்போதாவது அவரே எனக்குப் போன் செய்வார். சென்ற மாதமும் செய்தார். என் முட்டிவலியை விசாரித்தார். மழையை விசாரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "பெனியைப் பார்த்தியா?" என்றார்.

பார்த்தேன் என்றேன். நன்றாக இருக்கிறான் என்றேன். பெனியாசி நன்றாக இல்லை, அதைச் சொல்லவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது திட்டினானா?"

"இல்ல சார்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"அதிபர் அவர்கள் சுகமான்னு கேட்டான் சார்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "சரி வீரா, வச்சிடறேன்" என்றார். ஆனால் வைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் குரல் கேட்டது, அவள் வாங்கி வைத்தாள்.