நாலாவது போல்ட்டு

முடுக்கி முடித்த நட்டிலிருந்து போல்ட்டின் நுனி வரை சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, அதை வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார் அவர். கட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கட்டில் ஆடுகிறது என்று மனைவி வாய்தவறிச் சொன்னதன் பலன். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த வீட்டில் மின்விசிறிக்கும் குக்கர் கைப்பிடிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும்கூடக் கோடு உண்டு. "அப்படியே உங்க நெத்தியிலயும் ஒண்ணு போட்டுக்குங்க. மரை கழண்டா எங்களுக்குத் தெரியும்ல" என்பார் மனைவி.

சிவப்புக்கோடு என்றால்தான் பலருக்கு அவரைத் தெரியும். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பராமரிக்கிறார், இருபத்தாறு வருடமாக. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மைக்குப்பி இருக்கும். வேலை முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிய பிறகு இவர் மட்டும் ஸ்பேனரோடு திரும்பிப் போய், ஒவ்வொரு நட்டையும் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டு வருவார். "மனசு கேக்க மாட்டேங்குதுப்பா" என்பார். கூட இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். லிஃப்டின் தடித்த இரும்பு அதையெல்லாம் தாங்கிக்கொள்ளும்.

விமானத்தின் போல்ட்டு தாங்காது. அது சுண்டுவிரல் தடிமன்தான், இவ்வளவுதான் முடுக்கலாம் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை ரெஞ்சில் வைத்துத் திருப்பினால், எட்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். மீறி இழுத்தால் போல்ட்டு உள்ளுக்குள் நீண்டு பலம் இழந்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று புதுசு போலவே இருக்கும்.

இதெல்லாம் அவருக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்தது. அச்சகத்தில் வேலை பார்த்த மனிதர், வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் எட்டு வருடம் பாடுபட்டு இரண்டுபேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். தையற்காரியான அண்ணி இறக்கைக்குத் துணி போர்த்தினார். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு திருப்பத்தில், இறக்கையை உடம்போடு பிடித்திருந்த போல்ட்டு அறுந்தது. அண்ணனைச் சோளக்கொல்லையிலிருந்து எடுத்து வந்தார்கள். அளவுக்கு மீறி முடுக்கப்பட்ட போல்ட்டு என்று விசாரணையில் எழுதினார்கள். முடுக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டியவர்தானே முடுக்கியிருப்பார்!

அண்ணி மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. மிச்சமிருந்த சாமான்களை வைத்து இன்னொன்றைக் கட்ட ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே உள்ள சின்ன ஓடுதளத்தில் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று உறவெல்லாம் வாயில் கைவைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொழுந்தன் வந்து கூடமாட வேலை செய்தார். ஆனால் ரெஞ்சை மட்டும் தொடவில்லை. போல்ட்டுகளை அண்ணி முடுக்குவார், இவர் கோடு போடுவார்.

போன ஞாயிறு இறக்கை மாட்டும் நாள். அண்ணிக்குத் தோள்பட்டையில் பிடிப்பு, கையைத் தூக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பறக்க நாள் குறித்தாகிவிட்டது.

"தம்பி, இறக்கை போல்ட்டு நாலையும் நீங்களே முடுக்கிடுங்க."

"வேற யாரையாவது வரச்சொல்லலாமே அண்ணி."

"வேற யாரு? உங்க அண்ணன் மாதிரி அவசரக் கை இல்ல உங்களுக்கு. எத்தனை தடவை அந்த மனுஷன்கிட்ட சொல்லியிருப்பேன், சத்தம் வந்தா நிறுத்துங்கன்னு. கேட்டாரா?"

இந்தப் பேச்சை அவர் நாலு வருடமாக, இதே கொட்டகையில், தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ரெஞ்சை எடுத்தார். நட்டு சும்மா ஏறுவதற்கே எவ்வளவு விசை பிடிக்கிறது என்று முதலில் பார்த்து, அதையும் கையேட்டு அளவோடு கூட்டி ரெஞ்சில் வைத்தார். முதல் போல்ட்டு, 'டிக்'. கோடு. இரண்டாவது. மூன்றாவது. கழுத்தில் வியர்வை வழிந்தது. அண்ணி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். நாலாவதிலும் 'டிக்' என்றது. கை நிற்கவில்லை. மனசு கேட்பதற்குள் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டது.

அண்ணி பார்க்கவில்லை. மைக்குப்பியைத் திறந்து ஒரு கோடு போட்டால் போதும், நாலும் ஒரேமாதிரி இருக்கும். திறக்கவும் செய்தார்.

"அண்ணி, இது போச்சு. எடுத்துப் போட்டுட்டுப் புதுசு போடணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"சத்தத்துக்கு மேல இழுத்துட்டேன்." பிறகு, குப்பியை மூடாமலே சொன்னார்: "அன்னிக்கும் இப்படித்தான். அண்ணன் கிளம்புற அன்னிக்குக் காலையில நான் மட்டும் இங்க வந்தேன். பயமா இருந்துச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதேன்னு... என் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன்."

டார்ச் வெளிச்சம் இறக்கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எத்தனை போல்ட்டு?"

"நாலும்."

"நாலு வருஷமா அவரைத் திட்டிட்டிருக்கேன், தம்பி. நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்க."

அண்ணி டார்ச்சைத் தரையில் போட்டுவிட்டு, அவர் கையிலிருந்து ரெஞ்சை வாங்கினார். தோள்வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதைக் கழற்றி எடுத்து, வாசல் பக்கம் வீசினார். இரும்பு சிமெண்டில் உருண்டு ஓடி அடங்கியது.

"மத்த மூணும் சரியாத்தான் இருக்கு, அண்ணி. சத்தியமா."

அண்ணி திரும்பவில்லை. பழந்துணியைப் பெயிண்ட் தின்னரில் நனைத்து, முதல் போல்ட்டின் சிவப்புக் கோட்டை அழுத்தித் துடைத்தார். பிறகு இரண்டாவதை. மூன்றாவது உள்ளே தள்ளி, இருட்டில் இருந்தது. கொழுந்தன் குனிந்து தரையில் கிடந்த டார்ச்சை எடுத்தார். கோடு நன்றாகத் தெரியும்படி கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார்.