இடது பக்க மூடிக்குள் கொதித்தது

கொரோனா வந்து போனபோது என் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்கில் ருசி சில மாதங்களில் திரும்பியது. வாசனை திரும்பவே இல்லை. கண் தெரியாதவனைப் பார்த்து ஊர் இரக்கப்படும். மூக்கு வேலை செய்யாதவனைப் பார்த்துச் சிரிக்கும். "குட்த்து வெச்சவன்டா நீ, கூவத்து கரையில ஊடு கட்டிகினு நிம்மதியா இருக்கலாம்" என்று வேலை செய்யும் இடத்தில் கிண்டல் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. ஒயர் கருகினால் தெரியாது. வீட்டில் தனியாக இருக்கும்போது சிலிண்டரை மூடிவிட்டு, மூடினேனா என்று மறுபடியும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பயம் அப்படியே ஒரு வழக்கமாகிப் போயிருந்தது.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் எங்கள் வீடு. செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு கிடங்கில் எனக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. போக வர பைக்தான். புது மாதிரி வண்டி. உதைத்துக் கிளப்ப அதில் கிக்கர் கிடையாது. பேட்டரி செத்தால் வண்டியும் செத்தது.

என் மனைவி ஆறாவது மாதம் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் அப்படித்தான் ஆனது. பட்டனை அழுத்தினால் 'டக் டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்து, பேட்டரி காய்ந்துவிட்டது என்றார். புதுசு மாட்டினார். வண்டியைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே மீட்டரை வைத்தார். பதின்மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"சார்ஜிங் சூப்பரா ஏறுதுண்ணா. பயமே வாணாம்" என்றார்.

பிறகு சின்னச் சின்னதாக ஏதோ நடந்தது. பிரேக் விளக்கின் பல்ப் போனது. மாற்றினேன், அதுவும் போனது. இண்டிகேட்டர் பல்ப் கருகியது. முகப்பு விளக்கு மட்டும் முன்னைவிட வெள்ளையாக எரிந்தது. புது பேட்டரியின் தெம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி முதல் தடவையாகச் சொன்னாள்: "ஏங்க, இன்னாவோ நாறுது. முட்ட அழுகின மாதிரி."

உடனே ஓரம் கட்டினேன். எனக்கு வந்த முதல் நினைப்பு பெட்ரோல். மண்டியிட்டு டியூப்பைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. "இது பெட்ரோல் வாட இல்ல. இப்ப ஒண்ணும் வரல, போலாம்" என்றாள்.

அடுத்த வாரம் மறுபடி. நிறுத்தினேன். நின்றதும் வாடை போய்விட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய், குனிந்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோந்தார். "ஒண்ணுமில்லண்ணா. ரோட்டோர கால்வா நாத்தமா இருக்கும்." மாதாமாதம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டோம். இந்தச் சமயத்தில் மூக்கு ரொம்பக் கூர்மையாகிவிடும், இல்லாத வாடைகூட வரும் என்றார் அவர். "பாத்தீங்களா, உங்க மூக்கையும் சேத்து நானே வெச்சிருக்கேன்" என்று இவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டால் மெதுவாகவே ஓட்டினேன். மெதுவாகப் போனால் அவள் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை.

வளைகாப்புக்கு நாள் குறிக்க அவளுடைய அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். திருமழிசைக்கு அந்தப் பக்கம். மத்தியான வெயில். குமணன்சாவடி வரை மெட்ரோ தூண்களுக்கு நடுவில் ஊர்ந்தே போனோம். பூந்தமல்லி தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் கதை வேறு. அங்கே மெதுவாகப் போவதுதான் ஆபத்து. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. வேகம் எடுத்தேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, நாறுதுங்க. ரொம்ப நாறுது. கண்ணு எரியுது."

ஓரமாக நிறுத்த இடம் தேடினேன். இடது பக்கம் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பின்னால் வந்த லாரி இன்னும் நெருங்கியிருந்தது. அதற்குள் என் காலடியில் ஒரு சீறல் கேட்டது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. நான் மோந்திருக்க வேண்டியதை அப்போதுதான் காதால் கேட்டேன். இடது பக்க மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை. அந்த மூடிக்குள்தான் பேட்டரி. ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அவளுடைய கால்கள் அதை ஒட்டித்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, காலு!" என்று கத்தினாள்.

ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியைத் திருப்பி, எஞ்சினை அணைத்து, அவளை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினேன். எனக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. வண்டி என்னவாகிறது என்று திரும்பிப் பார்க்கக்கூடப் பயம். பெட்ரோல் டேங்க் அதற்கு மேல்தானே இருக்கிறது! அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவளும் ஓடினாள்.

லாரிக்காரர்களுக்கு மோர் விற்கும் ஒரு அம்மா அங்கே குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். "யம்மா, இன்னாச்சும்மா? இப்டி ஒக்காரு" என்று தன் ஸ்டூலை நகர்த்தினார். புடவையை விலக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது. புடவையில் ஓட்டைகள் விழத் தொடங்கியிருந்தன.

எங்கள் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் அறை ஒன்று உண்டு. ஆசிட் பட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரு என்று அந்த அறையில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்தேன். "தண்ணி" என்றேன். அந்த அம்மா தன் தண்ணீர் கேனை அப்படியே தூக்கிக் கொடுத்தார். ஊற்றினேன். காலி ஆனதும் ஒரு லாரி டிரைவர் இன்னொரு கேனோடு இறங்கி ஓடி வந்தார். அதையும் ஊற்றினேன்.

அவள் அழவில்லை. கண்களை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, உள்ள அசையலைங்க."

அந்த நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

லாரி டிரைவர் ஒரு ஆட்டோவை மறித்து நிறுத்தினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குத் திரும்பினோம். ஆட்டோவில் அவள் வயிற்றின் மேல் என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஏதாவது அசையுமா என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் எது குழந்தை, எது ரோடு என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. கருவியை நகர்த்தினார். மறுபடி இரைச்சல். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் குதிரை ஓடுவது போல டக்டக்டக்கென்று அந்தச் சத்தம் வந்தது. "நல்லா ஓடுதுப்பா, தூங்கிகினு இருந்திருக்கும்" என்றார் நர்ஸ். என் மனைவி அப்போதுதான் அழுதாள். காலில் பட்டது மேலாகத்தான் பட்டிருக்கிறது, உடனே தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர்.

கிடங்கில் அந்தச் சார்ஜ் அறையைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் என் நண்பன். மறுநாள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகிய முட்டை என்றதுமே அவன் முகம் மாறியது.

"மாமே, அது பேட்டரி கொதிக்கிற வாடடா. எங்க ரூம்ல ஓவரா சார்ஜ் ஏறினா அதான் வரும். ஒரு தபா என் கண்ணு முன்னாலயே ஒண்ணு வெடிச்சிக்கீது." அவன் தன் புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினான்.

சரக்கு ஏற்றும் வண்டியில் பைக்கைக் கிடங்குக்குக் கொண்டுவந்தோம். மூடியைத் திறந்தபோது பேட்டரி நான்கு பக்கமும் உப்பி, மேல்புறம் பிளந்திருந்தது. பேட்டரிக் கம்பெனியின் குறையாக இருக்கும், இன்னொன்று மாட்டினால் சரியாகிவிடும் என்று தெருமுனை மெக்கானிக் போனில் சொன்னார். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "கொல்றது யாருன்னு பாக்காம இன்னொண்ண உள்ள தள்ளினா அதுவும் சாவும்."

காலை வேலை தொடங்கும் முன், காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். அவன் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். எனக்கும் ஒன்று கொடுத்தான். ஆசிட் தெறித்தால் ஊற்ற, பக்கத்தில் சோடா உப்புக் கரைத்த தண்ணீர் ஒரு பக்கெட். வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து, நீள ஒயர் போட்டு, வண்டிக்கு வெளியே தரையில் வைத்து இணைத்தான். நான் ஆக்சிலேட்டரைப் பிடிக்க வேண்டும், அவன் மீட்டரைப் பார்ப்பான். பட்டனைத் தொடவே என் கை வரவில்லை.

"கெளப்பு மச்சான். நான் கீறேன் இல்ல?" என்றான். ஆனால் அவனும் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான்.

கிளப்பினேன். நின்ற ஓட்டத்தில் பதின்மூன்றரைக்கு மேல். மெக்கானிக் பார்த்தது அதே எண்தான். "இப்ப முறுக்கு." முறுக்கினேன். அவன் படித்தான்: "பதினாலு... பதினஞ்சு... பதினாறு..." அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. "பதினேழு! ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா!"

அணைத்தேன்.

பிறகு அவன் விளக்கினான். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எவ்வளவு கூடினாலும் பதினாலரைக்கு மேல் பேட்டரிக்குப் போகாமல் நிறுத்துவது ரெகுலேட்டரின் வேலை. அது நிறுத்தவில்லை. நின்ற இடத்தில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ரோட்டில் வேகம் எடுத்தால்தான் கொதிக்கும். பல்புகள் கருகியது அதனால்தான். மெதுவாகப் போனால் வாடை வராததும் அதனால்தான்.

உடனே ரெகுலேட்டரை மாற்றவும் அவன் விடவில்லை. போன மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது வண்டி அதில் நின்றிருந்தது. எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும் ரெகுலேட்டர் இப்படித் தடுமாறும் என்றான். கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினான். "இன்னொரு தபா முறுக்கு."

முதல் தடவையைவிட அந்த இரண்டாம் தடவைதான் எனக்கு அதிகப் பயம். என்ன வரும் என்று இப்போது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினேன். மறுபடி பதினாறைத் தாண்டியது. ஆக, ரெகுலேட்டரேதான்.

புதுசு வாங்கி வந்து மாட்டி, மூன்றாம் தடவை. பதினாலைத் தாண்டிச் சற்று மேலே போய், அங்கேயே நின்றது. அவன் இன்னும் முறுக்கச் சொன்னான். எஞ்சின் அலறியது, எண் அசையவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் அவ்வளவு வியர்த்திருந்தது.

வண்டி சரியானது. நாங்கள் சரியாகவில்லை. பிரசவம் வரை அவள் அதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு டிப்போவிலிருந்து பஸ்ஸில் போனோம். நான் வேலைக்கு ஓட்டிப் போகும்போதும், பெரிய ரோட்டில் வேகம் எடுத்ததும் இடது கால் தானாக வெளியே விலகும். வழியில் நிறுத்தி மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். வெயிலில் இருந்த சூடா, உள்ளிருந்து வரும் சூடா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன்.

பெண் குழந்தை பிறந்தது. என் மனைவியின் கெண்டைக்காலில் இன்னும் அந்தப் பொட்டுகள் வெளுப்பாகத் தெரிகின்றன.

போன மாதம் ஒரு நாள், எங்களைப் பார்க்க வந்திருந்த தன் அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பூந்தமல்லி வரைக்கும் போய்ட்டு வரலாம். வண்டியிலயே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தாள். இந்த முறை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். கரையான்சாவடி தாண்டும்போது என் தோளை அவள் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. கையைத் தளர்த்து என்று நான் சொல்லவில்லை.