எக்ஸ்ட்ரா ஃபாரம்

இன்னிக்குக் காலையில ஒரகடம் ஜெராக்ஸ் கடையில செல்வியைப் பார்த்தேன். மண்ணூர்ல பத்தாவது வரைக்கும் என்கூடப் படிச்சவ. கணக்குல எப்பவும் அவதான் ஃபர்ஸ்ட். இப்ப எங்க கம்பெனியிலயே கான்ட்ராக்ட்ல கிளீனிங் வேலை.

பொண்ணோட ஸ்காலர்ஷிப் ஃபாரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கினு இருந்தா.

"ரெண்டா எடுத்துக்கோ செல்வி. எழுதும்போது தப்பாயிட்டா?"ன்னேன்.

"ஒண்ணு போதும் சார். அவ தப்பு பண்ணமாட்டா"ன்னு சிரிச்சா.

எனக்குத்தான் நாங்க பத்தாவது முடிச்ச வருஷம் ஞாபகம் வந்துச்சு.

1991ல எங்கப்பா காஞ்சிபுரம் போய் பாலிடெக்னிக் ஃபாரம் ரெண்டு வாங்கியாந்தாரு. "ஒண்ணை அந்தப் பொண்ணு செல்விக்குக் குடுத்துடு"ன்னாரு. நான் குடுக்கலை. என்னுது அடிச்சுத் திருத்தி வீணாயிட்டா வேணுமேன்னு வெச்சுக்கினேன். கடைசித் தேதியும் போச்சு. அந்த ரெண்டாவது ஃபாரத்துல ஒரு கோடுகூட விழலை. செல்வி அவங்கம்மாவோட செங்கல் சூளை வேலைக்குப் போயிட்டா.

இன்னிக்கு சொல்லிடலாம்னு வாயெடுத்தேன்.

"ஷிஃப்டுக்கு லேட்டாச்சு சார், சூப்பர்வைசர் கத்துவாரு"ன்னு ஓடிட்டா. அந்த சூப்பர்வைசரே எனக்குக் கீழதான் வேலை பாக்குறாரு.

தப்பு பண்றதுக்குன்னே ஒரு எக்ஸ்ட்ரா ஃபாரம் வெச்சுக்கினு வளந்தவங்க கமென்ட்ல கை தூக்குங்க. முதல் கை என்னுது.