மாலை கழற்றும் நாள்

பன்னிரண்டு வருடம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டவன் நான். கார்த்திகையில் கழுத்தில் மாலை ஏறிவிட்டால் ஒரு சொட்டு தொட மாட்டேன். விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறும் கால், தரையில் படுக்கை. என் மனைவிகூட "சாமி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள். கேட்கவே அப்படி இருக்கும். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்றைக்கே ஒயின்ஷாப் வாசலில் நிற்பேன். "நான் நெனச்சா நிறுத்திடுவேன்" என்று ஊரெல்லாம் சவடால் அடித்ததும் இந்த நாற்பத்தெட்டு நாளை வைத்துத்தான்.

ஒரே மகள் திருச்சியில் வாழ்கிறாள். அவள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்த வாரத்தில்தான் போன தையில் மாலை கழற்றினேன். அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துக் குடித்தேன். காலையில் கண் விழித்தபோது வாசலில் கிடந்தேன். மனைவி கத்தவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏழாம் மாசம் வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு எம் பொண்ண இந்த வீட்டுக்கு அழைச்சிட்டு வர மாட்டேன். பேராவூரணியில எங்கண்ணன் வீட்ல வெச்சுப் பாத்துக்குறேன். நீங்க இங்கயே இருங்க."

அப்பன் உயிரோடு இருக்கும்போது பெண்ணுக்குத் தாய்மாமன் வீட்டில் தலைப்பிரசவமா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டம்ளரை வீசினேன். வீசிய கை நடுங்கியதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நிறுத்திப் பார்த்தேன். மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. அறுப்பு முடிந்தது ஒரு சாக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடந்தது இன்னொரு சாக்கு. கடைசியில் ஒரு யோசனை வந்தது. மாசியிலேயே மறுபடி மாலை போட்டுக்கொண்டு பிரசவம் முடியும்வரை கழற்றாமல் இருந்துவிட்டால்? என்னை நானே மெச்சிக்கொண்டு குருசாமியைத் தேடிப் போனேன்.

எங்களை மலைக்கு அழைத்துப் போகிற குருசாமி என்னைவிட ஆறு வயது சின்னவர். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். கையில் செம்புக் கம்பியோடு கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏண்ணே, குடிக்காம இருக்க சாமிய வாட்ச்மேன் வேலைக்கு வெக்கிறீங்களா? நான் போட்டுவிட மாட்டேன்."

"நீ யாருய்யா என்னத் தடுக்க?" என்று எகிறினேன்.

"நானும் இதச் செஞ்சவந்தாண்ணே. எட்டு மாசம் கழட்டாம இருந்தேன். கடைசில ஒரு நாள் மாலைய ஆணியில மாட்டிட்டுப் போயி குடிச்சேன். குளிச்சிட்டுத் திரும்பப் போட்டுக்கிட்டேன்." கம்பியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம தஞ்சாவூர் வாங்க. நான் போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பன்னிரண்டு வருடம் அவர் கையால் இருமுடி கட்டிக்கொண்டவன் நான். அவருக்கும் இந்தக் கதை உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் நடுக்கத்துக்கு முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவர்தான்.

அவர் கூட்டிப்போன இடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க ஒரு பதினைந்து பேர். டீ, பிஸ்கட். யாரும் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"நான் நோயாளியெல்லாம் கெடயாதுங்க. வருஷத்துல நாப்பத்தெட்டு நாள் தொடவே மாட்டேன்."

அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. கிளம்பப் பார்த்தேன். முன் பெஞ்சிலிருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் திரும்பினார்.

"உக்காருங்க சார். எனக்குப் பத்தொம்பது மாலை. கழட்டுற தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். சிவப்பு மையில். அது வேறு யாருக்கும் தெரியாது. "ஆமாங்க" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. கண்டக்டர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்கு ஒரு நாள் குடிக்காதீங்க. நாளைக்குள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம். இங்க வட்டம் போடுற தேதியே இல்ல."

அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அவருக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். பங்குனியில் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினேன். கூசிக்கொண்டே கூட்டத்தில் சொன்னேன். "வந்துட்டீங்கல்ல, உக்காருங்க" என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். மனைவியிடமும் நானே சொன்னேன். ஆனால் அண்ணன் வீட்டில் மகளுக்காக அறைக்கு வெள்ளையடிக்கிற பேச்சு மட்டும் போனில் நடந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் வளைகாப்பு. முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் திரும்பினோம். எங்கள் ஊரானாலும் பேராவூரணியானாலும் தஞ்சாவூரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் முன் சீட்டில். பின்னால் மகள் அசையும்போதெல்லாம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத் தெருமுனையில் மனைவி காரை நிறுத்தச் சொன்னாள். என்னை இறக்கிவிட்டுப் பேராவூரணிக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மணி அஞ்சாகப் போவுது. கூட்டத்துக்கு நேரமாயிடுச்சு, எறங்குங்க. நாங்க வீட்டுக்குப் போயி வெளக்கேத்துறோம்."

"எந்த வீட்டுக்கு?"

"ஏன், நமக்கு எத்தன வீடு இருக்கு?" என்றாள். கதவைச் சாத்தப் போனவனை மறுபடி கூப்பிட்டாள். "முடிஞ்சதும் சீக்கிரம் வந்துடுங்க, சாமி."

கார் போன பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தேன். மாலை இல்லை.