நாலு மணிப் பூட்டு

இணையக் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் எத்தனைமணி அக்கா. படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, போனில் டேட்டா இருந்தும் எதுவும் ஓடவில்லை என்று புகார் வரும் வீடுகளுக்குப் போய்ச் சரிசெய்வது அவள் வேலை. மற்ற ஆட்கள் உள்ளே நுழைந்ததும் ரவுட்டர் எங்கே என்று தேடுவார்கள். இவள் வாசலில் நின்றபடியே கேட்பாள்.

“எத்தனை மணிக்கு நிக்குது?”

பசிக்கு நேரம் உண்டு என்றால் பழுதுக்கும் உண்டு என்பது அவள் கட்சி. ஒரு வீட்டில் தினமும் ஒரு மணிக்குப் படம் நின்றுபோகும். டிவியை மாற்றினார்கள், ரவுட்டரை மாற்றினார்கள், அந்த வீட்டுக்காரர் கோபத்தில் கம்பெனியையே மாற்றப் பார்த்தார். அக்கா பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணிக்கு வீட்டம்மா சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவைப் போட்டாள். படம் நின்றது. ரவுட்டர் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. அக்கா அதைத் தூக்கி வரவேற்பறை அலமாரியில் வைத்துவிட்டு, நீட்டிய தட்டை மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

இன்னொரு தரம் முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர். ராத்திரி எட்டானால் கடை டிவியில் ஆப் வேலை செய்யாது. அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று எழுதிக்காட்டும். “பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?” என்று கேட்டாள். “ஐயையோ, என் மச்சானுக்கு மட்டும்தாங்க” என்றார். மச்சான் தன் முதலாளிக்குக் கொடுத்திருந்தார், முதலாளி தன் சம்பந்திக்கு. எட்டு மணிக்கு ஏழு வீடு சாப்பிட்டு முடித்து அவர் காசில் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படி ஊராரின் கடிகாரத்தையெல்லாம் கேட்டவள் தன் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் கேட்காமல் விட்டாள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் கணவருக்கு அச்சகத்தில் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரே மகள். எட்டு மாதத்துக்கு முன்னால் கல்லூரியில் ஓட்டக்காரி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, ஒன்றரை நாள் ரயில் பயணத் தொலைவில் விடுதியில் சேர்ந்தாள். அதுவரை நாலு மணியானால் அப்பாவும் மகளும் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அவள் ஓட, இவர் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் போனபிறகு மனிதருக்கு நாலு மணிக்குச் செய்ய ஒன்றுமில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த நாளிலிருந்தே அது ஓடவில்லை.

“ஏம்மா, சாயங்காலமானா நம்ம வீட்டுல எதுவும் ஓட மாட்டேங்குது.”

“எல்லாரும் ஒரே நேரத்துல பாக்குறாங்க. லைன்ல கூட்டம். கொஞ்ச நேரம் பொறுத்தா வந்துடும்.”

வந்துவிடும்தான். அதனால் அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் வேலை முடிந்து வர ஏழாகும். அப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று நாலு மணிக்கு அடித்துப் போட்டது மாதிரி தூங்குவாள். நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் தன் வீட்டுக்குத் தானே ஒரு புகார் பதிந்தாள். கம்பெனியில் கம்பம் ஏறும் வேலை பார்க்கும் ஏணிக்காரர் காலை பதினோரு மணிக்கு வந்து சோதித்துவிட்டு, “அக்கா, உங்க லைன் பளிங்கு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பெயரில் தீராமல் கிடந்த ஒரே புகார் அதுதான்.

மகள் ஓடி அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கோப்பைகளைப் பார்த்திருக்கிறாள், துடைத்தும் வைத்திருக்கிறாள். ஆனால் பந்தயம் எல்லாம் சாயங்காலம், சனி, ஞாயிறு. அந்த நேரத்தில்தான் ஊரே படம் பார்க்கும். அந்த நேரத்தில்தான் அவளுக்கு வேலை நெட்டி முறியும். மகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

போன வாரம் மகள் போன் செய்தாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, ஆயிரத்தைந்நூறு மீட்டர், இறுதிக்கு வந்துவிட்டாளாம். சனிக்கிழமை நாலு பத்துக்கு. ஒரு ஆப்பில் நேரடியாகக் காட்டுவார்கள்.

“ரெக்கார்டு கிடையாதும்மா. அப்பவே பாத்தாத்தான் உண்டு. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.”

“பாத்துடறேன்டி. இந்தத் தடவை லீவு போட்டுடறேன்.”

போட்டாள். பதினேழு வருடத்தில் முதல் சனிக்கிழமை லீவு.

அன்று மூன்றரைக்கே டிவியைப் போட்டாகிவிட்டது. மாடிவீட்டிலிருந்து நாத்தனாரும் இறங்கி வந்துவிட்டாள். அவளுக்கு ஓட்டத்தில் அக்கறை இருந்ததோ இல்லையோ, அண்ணியை வம்புக்கு இழுப்பதில் உண்டு. திரையில் யாரோ இரும்புக் குண்டு எறிந்துகொண்டிருந்தார்கள். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

“பாத்தியா? எத்தனை தெளிவு. ஒரு குறை சொல்ல முடியுமா?” என்றாள் அக்கா, கம்பெனியே தன்னுடையது போல.

சரியாக நாலு மணிக்குப் படம் நின்றது. திரையின் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“கண்ணு பட்டுடுச்சு அண்ணி” என்றாள் நாத்தனார்.

அக்கா பதறவில்லை, முதல் இரண்டு நிமிடம். ஆப்பை மூடித் திறந்தாள். டிவியை அணைத்துப் போட்டாள். ரவுட்டரின் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினாள். எல்லா விளக்கும் பச்சை. போன் வைஃபையில் இணைந்தது. இணைந்தும் இணையம் இல்லை என்றது. பையிலிருந்து சோதனைக் கருவியை எடுத்து லைனைப் பார்த்தாள். ஏணிக்காரர் சொன்னது நிஜம், பளிங்குதான். மணி நாலு நாலு.

“மொபைல் டேட்டாவுல போடு” என்றார் கணவர்.

“உங்க போனைக் குடுங்க.”

அவர் நெளிந்தார். “அதுல இன்னைக்கு டேட்டா தீந்துபோச்சு. காலையில தச்சு வேலை வீடியோ கொஞ்சம் பாத்தேன்.”

“ஒரு நாற்காலி செஞ்சிருக்கீங்களா இதுவரைக்கும்?”

அவளுடைய போனில் இருந்தது கம்பெனி சிம். அதில் படம் ஓடாதபடி தடுத்து வைத்திருந்தார்கள். மிச்சம் நாத்தனாரின் போன். அதிலிருந்து டிவிக்கு இணைப்புக் கொடுத்தாள். நாலு பக்கமும் அடுக்குமாடி எழுந்து நின்ற அந்த வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரே ஒரு கோடுதான். நாத்தனார் பால்கனிக்குப் போய்க் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு மைதானம் சதுரம் சதுரமாக வந்தது, அப்படியே உறைந்தது. வெள்ளைக் கோட்டின் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் மகள் யார் என்றுகூடத் தெரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டு!”

“இதுக்கு மேல நீட்டினா நானே விழுந்துடுவேன் அண்ணி!”

நாலு எட்டு. பதினேழு வருடம் ஊரான் வீட்டுப் படத்தையெல்லாம் ஓடவைத்தவள், பெற்ற பிள்ளை ஓடுவதைப் பார்க்க வழியில்லாமல் ரவுட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அவள் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தா பாரு. இது உன் வீடுன்னு நினைக்காத. வேற யாரோ வீடு, நான் யாரோ ஒருத்தன். முதல்ல என்ன கேப்ப?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “எத்தனை மணிக்கு நிக்குது?”

“நாலு மணிக்கு.”

“தினமுமா?”

“தினமும்தான். கரெக்டா நாலுக்கு நிக்கும், கரெக்டா ஆறுக்கு வரும். எட்டு மாசமா இதைத்தானே தலைபாடா அடிச்சுக்கறேன்.”

கூட்டத்துக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. நாலுக்கு நின்று ஆறுக்கு வருவது மனுஷன் வைத்த பூட்டு. எந்த மனுஷன் என்பதும் அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் மகளுக்குப் பெரிய பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தொடரில் மூழ்கிக் கிடப்பாள். டிவியைப் பிடுங்கினால் மடிக்கணினி, அதைப் பிடுங்கினால் அப்பாவின் போன். ஒவ்வொன்றாக அடைத்து மாளாது என்று, அக்கா ரவுட்டருக்குள் போய் வீட்டுக்கே ஒரு நேரப் பூட்டுப் போட்டாள். தினமும் நாலிலிருந்து ஆறு. பரீட்சை முடிந்ததும் எடுத்துவிடவேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

“ஐயோ, நான்தாங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மடிக்கணினியில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. மகள் கண்டுபிடிக்கக் கூடாது என்று யோசித்து யோசித்து வைத்த பாஸ்வேர்ட். இப்போது அவளுக்கே நினைவில்லை. கல்யாண நாள் இல்லை. மகளின் பிறந்த நாளும் இல்லை. மூன்றாவதும் தப்பானால் சிறிது நேரத்துக்கு உள்ளே விடாது.

“நாலு பதினொண்ணு. ஆரம்பிச்சிருப்பாங்க” என்றார் கணவர் மெதுவாக.

அப்போது அவள் கை ரவுட்டரைக் கவிழ்த்தது. அவள் சொல்லி அது செய்யவில்லை. எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிட்டு வருவது பழகிப்போன கை. அங்கே இருந்தது சீட்டு, அவளுடைய கோழிக்கிறுக்கலில். பிள்ளைக்குத் தெரியாமல் பூட்டியவள் சாவியைப் பூட்டின் மேலேயே தொங்கவிட்டிருந்தாள்.

உள்ளே போனாள். நேரப் பூட்டு ஒன்றே ஒன்று. அதற்கு அவள் அன்று ‘படிப்பு நேரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அங்கே ‘ஓட்ட நேரம்’ என்று இருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தாள். யோசிக்க நேரமில்லை; எடுத்துவிட்டாள்.

டிவி விழித்துக்கொண்டது. மைதானம் வந்தது, சத்தம் வந்தது. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்துக்கொண்டிருந்தது.

“அதோ, நீலச் சட்டை! அஞ்சாவதா வர்றா பாரு!” கணவர் எழுந்தே நின்றுவிட்டார். கையில் பழைய கடிகாரம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அக்கா பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த மகள் சாப்பிட்ட தட்டை எடுக்கச் சோம்பல்படுகிறவள், பத்து முறை கூப்பிட்டால் ஒருமுறை எழுந்திருப்பவள். இந்தப் பெண் வேறு யாரோ. தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை, கால் மட்டும் தரையைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். கடைசி நூறு மீட்டரில் இன்னொருத்தியை. மூன்றாவதாக வந்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். பால்கனியில் நாத்தனார் இன்னும் போனை நீட்டிக்கொண்டு, “வந்துடுச்சா? கையை எடுக்கலாமா?” என்று கத்திக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்; இது வேறு அழுகை.

ஆறு மணிக்கு மகளின் போன் வந்தது.

“பாத்தியாம்மா?”

“கடைசிச் சுத்து மட்டும்தான்டி பாத்தேன்.” முழுக்கதையையும் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

“அந்தப் பேரை மாத்தினது யாரு?” என்று கேட்டாள் அக்கா.

“வேற யாரு? நீ பூட்டுப் போட்ட நாலாம் நாளே தூசி தட்டும்போது அந்தச் சீட்டைப் பாத்துட்டேன். எடுத்தும் விட்டேன். ரெண்டு நாள் உக்காந்து தொடர் பாத்தேன். அப்புறம் நானே திரும்பப் போட்டுட்டேன்.”

“ஏன்டி?”

“முதல் மூணு நாள் போரடிச்சு அப்பாவைக் கூட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போனேன்ல. அப்புறம் நாலு மணியானா கால் சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. ஆனா வைஃபை இருந்தா நான் எழுந்திருக்க மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?” பிறகு சொன்னாள். “நீ வந்து பாக்கலையேன்னு வருத்தப்படாதம்மா. தினமும் நாலு மணிக்கு என்னை வெளிய தள்ளினது நீதானே.”

அக்கா போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் உடனே கடைசிச் சுற்றின் கணக்கை வினாடி வினாடியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கம்பெனி ஆப்பைத் திறந்தாள். தன் பெயரில் இன்னும் தீராமல் கிடந்த புகாரை முடிக்கவேண்டும். பழுது கண்ட இடம் என்ற கட்டத்தில் ‘எங்கள் வீடு’ என்று எழுதினாள். அழித்துவிட்டு ‘பழுது இல்லை’ என்று எழுதினாள். பிறகு மடிக்கணினியில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். எடுத்த பூட்டைத் திரும்பப் போட்டாள். நாலிலிருந்து ஆறு, செவ்வாய்க்கிழமை மட்டும். பெயரை அவள் மாற்றவில்லை.

“ஏங்க, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் தூங்கப் போறதில்லை” என்றாள். “மக ஓடின கிரவுண்டைக் காட்டுங்க.”