மஞ்சள் இறங்கிய பிறகு

என் கணவரின் கண் மஞ்சளித்திருப்பதை முதலில் கவனித்தவர் பாபநாசம் டீக்கடைக்காரர். நான் அல்ல. இத்தனைக்கும் மஞ்சளைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நெல் நோய் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன்.

இலை மஞ்சளித்ததும் யூரியா வீசும் விவசாயிகளிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! "உரக்குறைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. வைரஸா இருக்கும், டெஸ்டுக்குக் கொண்டாங்க" என்பேன். வீட்டில் மட்டும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கியது. ரத்தப் பரிசோதனை எதற்கு என்று இருவரும் சும்மா இருந்துவிட்டோம்.

நான்கு வருடம் கழித்து, இந்தக் குறுவை நடவு முடிந்த வாரத்தில், அவர் வயிறு வீங்கியது. தஞ்சாவூர் மருத்துவமனையில் இரண்டு பெயர்கள் சொன்னார்கள்: ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்), சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது).

ஆர்.என்.ஏ. குறுக்கீடு (வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள அனுப்பும் செய்தியை நடுவழியில் வெட்டும் முறை) எனக்குப் புதிதல்ல. எங்கள் கூடத்தில் நெல்லில் சோதிக்கிறோம். அந்தப் பயிர் பச்சையாக நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதே முறையில் இந்த வைரஸுக்கும் ஊசி சோதிக்கிறார்கள் என்று படித்து, தாள்களோடு டாக்டர் முன் போய் நின்றேன்.

"நீங்க படிச்சது சரிதாம்மா. ஆனா ஈரல் இவ்வளவு இறுகினவங்கள அந்தச் சோதனையில சேர்க்க மாட்டாங்க. வைரஸ நிறுத்தலாம், தழும்ப எடுக்க முடியாது."

"அப்பவே வந்திருந்தா, டாக்டர்?"

அவர் மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், மஞ்சள் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தம் கொடுத்துப் பாருங்கள். வேறு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மாத்திரை வைரஸை அடக்கித்தான் வைத்திருக்கிறது. வயிற்றில் சேரும் நீரை இரண்டு வாரத்துக்கொரு முறை எடுக்கிறோம். மாற்று ஈரலுக்கு அவர் இதயம் தாங்காதாம்.

எனக்கும் மகளுக்கும் தொற்று இல்லை. எங்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணை, இரண்டு போட்டாயிற்று. பத்திரமாகிவிட்ட என் உடம்பைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது.

நேற்றுக் காலை என் கணவர் எங்கள் ஊசி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மூணாவது ஊசி தையிலயா? அறுப்பு நேரம், ஆட்டோ கிடைக்காது. நானே ரெண்டு பேரையும் வண்டில கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன கெடு மார்கழியைத் தாண்டவில்லை.

"சரிங்க" என்றேன்.